வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு: பாம்பாற்றுப் பள்ளத்தாக்கில் முதன்முறை நடப்பவர்களுக்கு

கொடைக்கானல் போகிறவர்களில் பலர் வட்டக்கானல் வரை வந்து, டால்பின் நோஸ் பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாறைக்குக் கீழேதான் நல்ல நடை தொடங்குகிறது. மேலே வட்டக்கானல் அருகே அருவியாக விழும் பாம்பாறு, அடிவாரத்தில் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாகத் தரையைத் தொடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள காட்டுச் சரிவில் வெள்ளகவி என்ற சின்ன மலைக்கிராமம் இருக்கிறது. மேலே சோலைக்காட்டுக் குளிர், கொஞ்சம் இறங்கினால் காப்பித் தோட்டம், இன்னும் இறங்கினால் வெயில் காயும் புதர்க்காடு. ஒரே பள்ளத்தாக்கில் இத்தனையும் பார்க்கலாம்.

ஆனால் போய்ச் சேருவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அனுமதி வேண்டும் என்றார் ஒருவர், வேண்டாம் என்றார் இன்னொருவர். இணையத்தில் படங்கள் கொட்டிக் கிடந்தன. எந்தச் சீட்டை எங்கே வாங்குவது என்று ஒருவரும் எழுதவில்லை. எல்லா ஏற்பாடும் செய்துவிட்டதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் வனத்துறை அனுமதியே இல்லை. காலையில் கிளம்பிய எங்களைக் காட்டுக்குள் விடவில்லை, பணமும் திரும்பி வரவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அனுமதி, மற்றதெல்லாம் அப்புறம்

இது காப்புக்காடு. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதிலிருந்து சுற்றியுள்ள காடுகளில் கட்டுப்பாடு இன்னும் கூடிவிட்டது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். பிடிபட்டால் அபராதம் உண்டு, வழக்கும் வரலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

சட்டப்படி நடக்க எளிய வழி, ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையம் வழியே பதிவு செய்வது. வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 வழித்தடங்களுடன் இதைத் தொடங்கியது. அதில் வட்டக்கானல்–வெள்ளகவி ஒரு தடம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உங்களோடு வருவார். கட்டணத்திலேயே அதுவும் அடங்கும்.

வட்டக்கானலில் இறங்கியதும் ‘அனுமதியெல்லாம் தேவையில்லை, நான் கூட்டிப்போகிறேன்’ என்று சிலர் வருவார்கள். வழி அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் காட்டுக்குள் இருப்பதாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, தேடி வரவும் ஆள் இருக்காது. போகாதீர்கள். தங்கும் விடுதிக்காரர் ‘நாங்களே ஏற்பாடு செய்கிறோம்’ என்றாலும், உங்கள் பெயர் போட்ட அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். முன்பு என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டால்பின் நோஸ் வரை சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகப் போய்வருகிறார்கள். அதைத் தாண்டி இறங்குவதுதான் நான் சொல்லும் நடை. ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்’ என்று இறங்கிக்கொண்டே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. உங்கள் உடம்புக்கு ஏற்ற தடமா?

வெள்ளகவி தடத்தில் பாறை ஏற வேண்டியதில்லை, கயிறு பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இறக்கம் விடாமல் இருக்கும். டால்பின் நோஸ் போகும் பாதையிலேயே மர வேர்களும் உருளும் கற்களும் உண்டு. அதற்கே முட்டி வலிக்கிறது என்றால், கீழே போகும் எண்ணத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

தயாராகக் குறைந்தது ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான சாலையில் நடப்பது மட்டும் போதாது. மாடிப்படி ஏறுங்கள், அதைவிட முக்கியமாக இறங்குங்கள். பழனி, திருப்பரங்குன்றம், மலைக்கோட்டை என்று பக்கத்தில் படியுள்ள மலைக்கோயில் இருந்தால் வாரம் ஒருமுறை முதுகில் பையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்குவது சில நாளில் சரியாகிவிடும். தொடையும் முட்டியும் பழகத்தான் நாளாகும்.

வீட்டில் பெரியவர்களோ சின்னப் பிள்ளைகளோ உடன் வந்தால் எளிதான தடமாகப் பாருங்கள். நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் என்றால் கோத்தகிரி லாங்வுட் சோலையைத்தான் சொல்வேன். 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது, ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்திலேயே பதியலாம். முதல் நடையை அங்கே பழகிவிட்டு அடுத்த வருடம் வெள்ளகவிக்கு வருவதில் ஒரு குறையும் இல்லை.

3. தேதியைத் தேர்ந்தெடுப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். ‘கோடை விடுமுறைக்குப் போகலாம்’ என்று நினைத்து மார்ச்சில் தளத்தைத் திறந்தால் எல்லாத் தடமும் மூடியிருக்கும். காட்டுத்தீ காலம் என்பதால் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்திவைக்கிறார்கள். தீ அபாயத்தையும் மழையையும் பொறுத்து இந்தத் தேதிகள் முன்பின் நகரலாம். அதனால் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குத் திட்டமிடாதீர்கள்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானலுக்கு ஆண்டின் பெருமழை அப்போதுதான். பாதை வழுக்கும், மரம் விழும், சீட்டு கையில் இருந்தாலும் நடை ரத்தாகலாம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் காலையில் வானம் தெளிவாக இருந்துவிட்டு மதியத்துக்கு மேல் இடி மழை வரும். ஊரும் நெரிசலில் திணறும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான் என் விருப்பம். இரவில் கடுங்குளிர், வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். ஆனால் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், பாதையும் காய்ந்து கிடக்கும். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையும் நடக்கலாம். பச்சை அப்போதுதான் அழகு, அட்டையும் அப்போதுதான் அதிகம். குறிஞ்சிக்காகவே வர நினைப்பவர்களுக்கு: கொடைக்கானலில் கடைசியாக 2018-இல் பூத்தது, பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030.

4. பதிவு செய்யும்போது

அலைபேசி எண் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். அதன்பின் மாவட்டம், தடம், தேதி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, வருகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். உட்காரும் முன்பே இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

எல்லோருடைய ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை. வெளிநாட்டு நண்பர் என்றால் கடவுச்சீட்டு. பெயரை அட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள், முன்னெழுத்து உட்பட. வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டு, புறப்படும் இடத்தில் அட்டையோடு ஒப்பிடும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பானேன்?

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம். அதில் பெற்றோர் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் உடன் வர வேண்டும், எளிதான தடங்களில் மட்டும்தான்.

அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் எண். உங்களோடு நடக்க வருகிறவருடைய எண்ணைத் தராதீர்கள். வீட்டில் இருப்பவர் எண்ணாக இருக்கட்டும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வண்டி வராத பாதையில் உங்களைத் தூக்கி வரப்போவது வழிகாட்டியும் ஊர்க்காரர்களும்தான்.

கட்டணம் தடத்தின் கடினத்தைப் பொறுத்து, தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அவ்வப்போது மாற்றுகிறார்கள், வரியும் சேரும். ஆகவே பழைய செய்தியிலோ நண்பர் சொல்லியோ கேட்ட தொகையை நம்பாமல், கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களை வாசியுங்கள். ஒன்று, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பது. மற்றொன்று, நடை எங்கே முடிகிறது என்பது: போன வழியே ஏறித் திரும்புவதா, கீழே இறங்கி முடிவதா? உங்கள் வண்டி, விடுதி, ஊர் திரும்பும் பேருந்து எல்லாமே இதை வைத்துத்தான்.

வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வார நாளில் இடம் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். சீட்டு வந்ததும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் எந்த இடத்தில் போகும் என்று சொல்ல முடியாது.

5. இ-பாஸ் என்பது வேறு

நடப்பதற்கான சீட்டு ஊருக்குள் வண்டி நுழையச் செல்லாது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் தளத்தில் எடுக்கலாம், கட்டணம் இல்லை. அலைபேசிக்கு வரும் குறியெண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறீர்கள் என்பதுதான் கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை. இதற்குப் பணம் கேட்கும் எந்த இணையதளத்தையும் நம்பாதீர்கள்.

பொதுவாக எளிதில் கிடைக்கும். கூட்ட நாட்களில் வரம்பு உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் வரையறுத்தது. அதனால் நடைக்கான தேதி உறுதியான அன்றே இதையும் எடுத்துவிடுங்கள். பாஸில் தேதி தவறினால் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு புதிதாக எடுக்க வேண்டிவரும், பின்னால் வண்டிகள் வரிசை கட்டும்.

அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸே வேண்டாம். தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்களுக்கு நான் பேருந்தைத்தான் சொல்வேன்.

6. போய்ச் சேருவதும் தங்குவதும்

ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையம், அங்கிருந்து மலைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி நான்கிலிருந்தும் பேருந்து உண்டு. மதுரையிலிருந்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றுகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுங்கள்.

நடக்கும் நாளன்று காலையில் சமவெளியிலிருந்து கிளம்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முந்தின நாள் மதியமே மேலே வந்துவிடுங்கள். வட்டக்கானலில் தங்கினால் காலையில் புறப்படும் இடத்துக்கு நடந்தே போகலாம். கொடைக்கானல் ஊருக்குள் தங்கினால் அறை, சாப்பாடு, மருந்துக்கடை எல்லாம் எளிது, ஆனால் விடியற்காலையில் வாடகை வண்டி வேண்டும். வண்டியை முந்தின நாள் மாலையே பேசி வையுங்கள். ஒருவழியா, இருவழியா, காத்திருக்கக் காசு உண்டா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். வட்டக்கானல் சாலை குறுகலானது, வார இறுதியில் காலை பத்து மணிக்கு மேல் அசையாது.

வட்டக்கானலில் போதைக் காளான் இருக்கிறது என்று காதோடு சொல்வார்கள். சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. பக்கத்தில் போகாதீர்கள்.

7. பையில் என்ன

பிடிமானமுள்ள, ஏற்கெனவே நடந்து பழகிய காலணி. புதுக் காலணியைப் போட்டு இறங்கினால் கால் நகம் கறுத்துவிடும். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எஃகுப் பாட்டிலில். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை, கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் கொண்டுவந்தார்கள். மழைக்கோட்டு (குடை உதவாது), ஓ.ஆர்.எஸ். பொட்டலம், எலுமிச்சைச் சாதமோ புளிச் சாதமோ ஒரு டப்பா, வேர்க்கடலை உருண்டை, டார்ச், விசில், உங்கள் மாத்திரைகள், சில்லறைப் பணம்.

அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து எடுத்துக்கொள்ளுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று பிய்க்காதீர்கள், உப்பைத் தொட்டு வைத்தால் தானாக விழும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

8. நடக்கும் நாள்

காலை எவ்வளவு சீக்கிரம் கிளம்ப விடுகிறார்களோ அவ்வளவு நல்லது. பத்து, பதினொன்றுக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவரும்; அப்புறம் பத்தடி தூரத்து மரமே தெரியாது.

இந்த நடையில் இறக்கம் முதலில் வருகிறது, ஏற்றம் கடைசியில். வழக்கமான மலையேற்றத்துக்கு நேர் தலைகீழ். மேலே குளிரில் கால் துள்ளும், ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். களைத்த காலோடு, மதிய வெயிலில், அதே படிகளை ஏற வேண்டும். ஏறித் திரும்புகிறவர்கள், இறங்க எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கை ஏற ஒதுக்குங்கள். ஜனவரியில் ஆறரைக்குள் சூரியன் போய்விடும்; மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். பாதித் தண்ணீர் ஏற்றத்துக்கு என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இறங்கும்போது சின்ன அடியாக வையுங்கள், முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருங்கள். ஈரமான வேரை மிதிக்காதீர்கள். எதிரே பொதி சுமந்த குதிரைகள் வரும், ஊருக்கு அரிசி பருப்பு போவது அவற்றின் முதுகில்தான். வழிவிடும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மேட்டுப் பக்கம் ஒதுங்குங்கள்.

காட்டுமாடு கண்ணில் பட்டால் அப்படியே நின்றுவிடுங்கள். கொடைக்கானல் தெருவில் அது சாதுவாக மேய்வதைப் பார்த்துப் பழகியவர்கள் காட்டிலும் அதே நினைப்பில் கிட்டே போகிறார்கள். தனியாக நிற்கும் கிழட்டுக் காளையும் கன்றோடு நிற்கும் பசுவும் மிக ஆபத்து. வழிகாட்டி சொல்கிறவரை காத்திருங்கள். அவசரமாகத் தாண்டிப்போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. சத்தம் குறைவாக இருந்தால் கருமந்தியும் மலை அணிலும் உங்களுக்குத் தெரியும். பாட்டு போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நெருப்பு, சிகரெட், மது, ட்ரோன் எதுவும் கூடாது. ஆரஞ்சுத் தோலையும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

9. வெள்ளகவிக்குள்

ஊர் எல்லையில் காலணியைக் கழற்றிவிட வேண்டும். ஊரே கோயில் என்பது இங்குள்ளவர்கள் வழக்கம், யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

காப்பி, பட்டர் புரூட், ஆரஞ்சு விளைகிற ஊர். டீ கிடைக்கும், முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சாப்பாட்டுக்கும் வழி உண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஜிபே எடுபடும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள், பத்து இருபது ரூபாய்த் தாள்கள் வேண்டும். கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள். அந்த டீயில் விழும் சர்க்கரை எந்த வழியாக வந்தது என்று இப்போதுதான் நீங்களே நடந்து பார்த்தீர்கள். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப்போய்ப் பழகிய ஊர் இது. வீடுகளையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

10. கீழே கும்பக்கரைக்கு இறங்குகிறவர்களுக்கு

உங்கள் அனுமதியில் இது இருந்தால் மட்டும். ஊரைத் தாண்டினால் நிழல் குறையும், வெக்கை ஏறும், தண்ணீர்ச் செலவும் கூடும். மேலே போட்ட ஸ்வெட்டரைப் பைக்குள் வைக்க இடம் விட்டு வையுங்கள்.

காரை வட்டக்கானலில் விட்டுவிட்டு இந்தப் பக்கம் இறங்கினால், அதை எடுக்கப் பெரியகுளம் போய், மலைப்பாதை தொடங்கும் காட்ரோடு என்ற இடத்தின் வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே வர வேண்டும். அரை நாள் போய்விடும். அடுக்கம் வழிச் சாலை குறுக்கு என்பார்கள். அது ஒடுங்கிய பாதை, மழைக்காலத்தில் மண்சரிந்து மூடுவதுண்டு. ஆகவே இறங்கி முடிக்கிறவர்கள் பேருந்தில் வருவதே நல்லது. பெரிய பையை விடுதியில் விடாமல், முந்தின நாளே தேவையில்லாததைக் குறைத்து ஒரே பையோடு வாருங்கள்.

கும்பக்கரையில் குளிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். மேலே மழை பெய்தால் ஆற்றில் திடீரென வெள்ளம் வரும், வனத்துறை அருவியை மூடிவிடும். திறந்திருந்தால் கட்டணம் கட்டி, கம்பி போட்ட பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். பாறைகளுக்கு நடுவே கசங்கள், அதாவது ஆழமான நீர்ப்பள்ளங்கள், உண்டு. அங்கிருந்து பெரியகுளம் சுமார் 9 கிலோமீட்டர். பேருந்து எப்போதும் இருக்காது, ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணை வழிகாட்டியிடம் வாங்கி, சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டு வையுங்கள்.